அரை நிமிஷம் நிற்க வைத்தவர்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. ஒரு டிவி தொடருக்காக நான் பிணமாகப் படுத்திருக்கிறேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. என் சொந்த யோசனை, என் சொந்த பெஞ்சு, என் கைக்காசில் வாங்கிய சாமந்தி மாலை.

பிள்ளைப்பாக்கத்தில் என்னுடைய மைக் செட் கடைக்குப் பின்பக்கம், பழைய குழாய் ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் படுத்திருந்தேன். நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம். தாடையைச் சுற்றி வேட்டிக் கிழிசல். கால் கட்டைவிரல்களைக் கட்டக் கயிறு அகப்படாததால் ஸ்பீக்கர் ஒயர். கட்டிவிட ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் நானே கட்டிக்கொண்டு படுத்தேன். தன் கட்டைவிரலைத் தானே கட்டிக்கொண்ட பிணம் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திட்டம் இதுதான். சாவு வீடுகளில் கானா பாடும் தேசிங்கு அண்ணன் உள்ளே வருவார். என்னைப் பார்த்துத் திடுக்கிடுவார். மனம் உடைந்து பாட ஆரம்பிப்பார். டிவிக்காரர்கள் பதிவு செய்துகொள்வார்கள். அண்ணன் வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"டேய் மணி, டீ சொல்லட்டா?"

"சக்கரை கம்மியா" என்றது பிணம்.

அப்போது வாசல் பக்கம் யாரோ ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிற சின்னச் சத்தம் கேட்டது. கண்ணை மூடியிருந்தாலும் அது யாரென்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் திட்டுவார். திட்டுவதற்காகவாவது போன் செய்வாரே என்று, சொல்லிவிடலாமா என்றும் இருக்கிறது.

அவர் முதன்முதலில் கடைக்கு வந்த அன்று, நான் ஒரு ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நரைத்த முடியை மறைக்காமல், பாக்கெட் நிறைய வைத்த ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி வந்து நின்றார். சென்னையில் டிவி நிகழ்ச்சித் தயாரிப்பாளராம்.

"இந்தப் பக்கத்துத் திருவிழாவுக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டறது நீங்கதானா?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கோயில் வாசலில் இருந்து கம்பெனி கேட் வரைக்கும் கேட்கும், தண்டலம் வரைக்கும்கூடக் கேட்கும் என்று அளந்துவிட்டேன்.

"அதையெல்லாம் கொஞ்ச நேரம் கேக்காம செய்ய முடியுமா?" என்றார்.

அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரையே அலற வைப்பதற்கென்று பிறந்த ஒருவனை, ஊரின் வாயை மூடுவதற்கு வைத்துக்கொண்டார். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பதிவு செய்யும்போது ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும், டிராக்டரை நிறுத்தச் சொல்ல வேண்டும், பக்கத்துத் தெரு டிஜேயின் காலில் விழ வேண்டும். நான் "லோக்கல் புரொடக்‌ஷன் மேனேஜர்" என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். அவரிடம் ஒன்று நீட்டினேன். வாங்கி, மரியாதையாகப் படித்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "அந்த நாயை மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றார். நாயைக்கூட அவர் "கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றுதான் சொல்வார். அவை போகாது. பிறகு நான் போய் எங்கள் பாஷையில் சொல்வேன்.

தொடர் என்னவென்றால், ப்ளூஸ் பாடகர்களைப் பற்றியது. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமைகளாகவும் கூலிகளாகவும் உழைத்த கறுப்பின மக்கள் பாடிய பாட்டிலிருந்து வந்தது அந்த இசை. அதைப் பாடுகிறவர்கள், அவர்களுக்காக அங்கே நடக்கும் திருவிழாக்கள், இதெல்லாம் ஒவ்வொரு வாரமும் பாதி நேரம். மீதிப் பாதி நேரம் நம் பாட்டும் நம் திருவிழாவும். அமெரிக்கப் பாதியை அங்கே போய் எடுத்து முடித்திருந்தார். இந்தப் பாதிக்கு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்களைப் பிடித்தார். இங்கேயும் சொந்த ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்கள் நிறைய இருக்கிறார்களே என்றார்.

டீக்கடை மாஸ்டர் கேட்டார்: "சீரியலா மேடம்? மாமியாரு யாரு?"

"மாமியார் கிடையாதுங்க. கிட்டார் இருக்கு."

சிரிக்காமல்தான் சொன்னார். அவர் வேடிக்கை செய்கிறாரா இல்லையா என்பதைக் கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊருக்கே ஜோக் அடிக்கிற எனக்கு இது பெரிய அவமானம்.

கழுத்தில் எந்நேரமும் தொங்கும் அந்தக் கறுப்பு ஹெட்போனைப் பற்றிக் குழாயடியில் ஒரு மாநாடே நடந்தது. "தாலி இல்ல, இன்னாவோ கருப்பா தொங்குது" என்று ஒருத்தி. "அதான் தாலியோ இன்னாவோ, டிவியக் கட்டிக்கினாங்க" என்று இன்னொருத்தி. இதை நான் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இது மூணாவது. முதல் ரெண்டும் சரியாக் கேக்கல" என்றார்.

இப்போது அந்த அரை நிமிஷத்துக்கு வருகிறேன். அவரை நினைத்தால் எனக்கு முகம் ஞாபகம் வருவதில்லை. அதுதான் வருகிறது.

எந்த இடத்தில் படப்பிடிப்பு முடிந்தாலும், கிளம்புவதற்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். வலது உள்ளங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குவார். "எல்லாரும் அப்படியே அரை நிமிஷம்" என்பார். யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. கேமரா ஓடாது. ஒலிப்பதிவுக் கருவி மட்டும் ஓடும். யாரும் ஒன்றும் செய்யாதபோது அந்த இடம் எப்படிச் சத்தம் போடுகிறது என்று எடுத்துவைத்துக்கொள்வார்கள். பிறகு படத்தை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டைகளை அதை வைத்து அடைப்பார்களாம். கேமராமேன் இதற்கு "ரூம் டோன்" என்று பேர் சொன்னார். ரூமே இல்லையே, வேப்பமரத்தடிதானே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, வாயை மூடச் சொன்னார்.

மற்றவர்களுக்கு அது தொழில். அவருக்கு அதுதான் உயிர் என்று எனக்குத் தோன்றும். கண்ணை மூடிக்கொள்வார். முகவாய் கொஞ்சம் கீழே இறங்கும். புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் டிரெய்லரின் உறுமல், எங்கோ பின்னால் வரும் கம்பெனி பஸ்ஸின் பீப்பீப், அரசமர இலை, கூழ்ப்பானை மேல் உட்காரும் ஈ, எல்லாம் அந்த முகத்தில் வந்து வந்து போகும். கடைசியில் "சரி" என்பார், மெதுவாக. யாருக்கோ பதில் சொல்வதுபோல. நான் அந்தச் "சரி"க்காக நின்றிருக்கிறேன். மூக்கு அரித்தாலும் நின்றிருக்கிறேன். எங்கள் அம்மா சொல்வார், நான் பள்ளிக்கூடத்தில் பிரேயருக்குக்கூட ஒழுங்காக நின்றதில்லை என்று.

பாட்டைவிட, பாட்டு நின்ற பிறகு வருவதைத்தான் அவர் அதிகம் கேட்டார். ஒரகடத்தில் ஒரு வாடகை அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்களைப் பாடச் சொன்னார். ஒருத்தன் கொஞ்ச நேரம் பிகு செய்தான். "இதெல்லாம் ஒரு பாட்டாக்கா? எங்க ஊர்க் கோயில் கொடைக்கு வாங்க. எங்கம்மைக்கு இப்பமே போன் போட்டுச் சொல்லுதேன்" என்றான். பிறகு கண்ணை மூடி அருமையாகப் பாடினான். பாதியில் அவனுடைய ஷிப்டுக்கான அலாரம் அடித்தது. பாட்டை விட்டுவிட்டு பையை எடுத்துக்கொண்டு ஓடினான். கேமராமேன் தலையில் அடித்துக்கொண்டார். இவர் கையைத் தூக்கினார். காலியான பாய், அலாரம், படியில் இறங்கி ஓடும் கால் சத்தம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அந்த வாரம் ஒளிபரப்பானதில் பாட்டு கொஞ்சம்தான். காலடிச் சத்தம்தான் நிறைய வந்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒருமுறை இப்படி நின்றபோது ஒரு டிரெய்லர்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார். நான் ஓடிப்போய்க் கும்பிட்டேன். அவர் வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை நிறுத்தி, இறங்கிவந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றார். முடிந்ததும் என் காதருகே, "பாவம், சின்ன வயசா?" என்று கேட்டார்.

"நடுத்தர வயசு" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்பினார்.

தேசிங்கு அண்ணனுக்கும் மேடத்துக்கும் அறிமுகம் செய்துவைத்தது நான்தான். அண்ணன் கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார், இறக்கிவிடுவார். அது வேலை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் போய்ப் பாடுவார். அது வேலை இல்லை, அதுதான் அவர். குன்றத்தூரிலிருந்துகூட வந்து கூப்பிடுவார்கள்.

மேடம் அவருக்குத் தன் போனில் ஒரு ப்ளூஸ் பாடகரின் பாட்டைப் போட்டுக் காட்டினார். அமெரிக்கத் திருவிழாவில் மேடமே பதிவு செய்தது. ஹெட்போனைக் கழற்றி அண்ணன் காதில் மாட்டினார். அண்ணன் வேனின் படியில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"இன்னாமா சொல்றாரு பெரியவரு?"

"ரயில் போயிடுச்சுன்னு பாடறார்."

"ரயில்ல யாரு போனா?"

"அத அவர் சொல்லலைங்க" என்றார் மேடம்.

"சொல்ல மாட்டாரு" என்றார் அண்ணன். "போட்டும், இன்னொரு வாட்டி வெய்யி."

அன்றைக்கே மேடம் முடிவு செய்துவிட்டார். தொடரின் கடைசி வாரம் தேசிங்கு அண்ணனுடைய சாவுப் பாட்டோடுதான் முடிய வேண்டும். திருவிழாப் பாட்டு எத்தனை இருந்தாலும், இது இல்லாவிட்டால் எடுத்ததெல்லாம் வெறும் வேடிக்கையாகப் போய்விடும் என்றார். அண்ணன் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பேர் வெச்சித்தாம்மா பாட்டே. செத்தவங்க பேரச் சொல்லித்தான் எடுக்கணும். சும்மா பாடக் கூடாது."

"பாடினா என்ன ஆகும்?"

"அது தேடிக்கினு போவும்."

"எது?"

"பாட்டுதான். எவன் வூட்டு வாசல்லயாச்சும் போய் நின்னுடும்."

நிஜமான சாவு வீட்டில் போய் எடுக்கலாமே என்று கேமராமேன் சொன்னார். மேடம் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார். "அழறவங்க முன்னால மைக்க நீட்டற வேலை நான் செய்யறதில்ல" என்றார் என்னிடம். சாவு இல்லாமல் அண்ணன் பாட மாட்டார். சாவு வீட்டில் மேடம் எடுக்க மாட்டார். நடுவில் நான் தூது.

அங்கேதான் எனக்குள் ஒரு திருட்டு ஆசை முளைத்தது. பாட்டு கிடைக்காதவரைக்கும் அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவார். வந்தால் அண்ணனிடம் கேட்பார். அண்ணன் மாட்டேன் என்பார். "சரி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். அந்த "அடுத்த வாரம்" எனக்குப் பொங்கல் போனஸ் மாதிரி. பாட்டு கிடைக்க வேண்டும் என்று மாரியாத்தாளிடம் வாய்விட்டு வேண்டிக்கொள்வேன். அவசரம் ஒன்றுமில்லை என்று கூடவே மெதுவாகச் சேர்த்துக்கொள்வேன்.

அம்மா கவனித்துவிட்டார். "இன்னாடா, ஞாயித்துக்கெழமன்னா சட்டைக்கு இஸ்திரி கேக்குது உனுக்கு? ஸ்பீக்கருக்கா பொண்ணு பாக்கப் போற?"

காதலா என்று நீங்களும் கேட்பீர்கள். அவர் என்னைவிட எத்தனையோ வயது மூத்தவர். நான் நாற்பதைத் தொட்டும் தொடாமலும் கல்யாணமாகாமல் திரிகிறவன். அதெல்லாம் இல்லை. அவர் கையைத் தூக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு என்ன பெயரோ, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆடி முடியப்போகிற நேரத்தில் ஒரு நாள் அவர் முகம் தொங்கிப்போய் வந்தார். சேனலில் சொல்லிவிட்டார்களாம். இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குள் கிடைக்காவிட்டால் கடைசி வாரத்தை டிஜே டான்ஸ் வைத்து ரொப்பிவிடச் சொல்லிவிட்டார்களாம். டீயை வாங்கினார், குடிக்காமலே வைத்துவிட்டார். என் திருட்டு ஆசை அப்படியே ஓடி ஒளிந்துகொண்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அவரையும் அண்ணனையும் மறுநாள் கடைக்கு வரச் சொல்லிவிட்டு, பூக்கடைக்குப் போனேன். பிணமானேன்.

இப்போது மறுபடி அந்த பெஞ்சுக்கு வாருங்கள். டீ சொன்னதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். நாணயம் உருண்டு போய்விட்டது. மேடம் திட்டவில்லை. பக்கத்தில் வந்து, என் தாடைக் கட்டை அவரே அவிழ்த்தார்.

"உங்க அம்மா வீட்ல இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம்."

"இப்ப இந்தப் பக்கம் வந்திருந்தாங்கன்னா?"

நான் குனிந்து கட்டைவிரல் ஒயரைப் பிரிக்க ஆரம்பித்தேன். அண்ணன்தான் பேசினார். "எம் பொண்டாட்டிக்கே நான் பாடல. இவனுக்குப் பாடுவனாம்மா நானு?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அது ஊருக்கே தெரியும். அஞ்சலை அண்ணி ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தவர். அண்ணனுடைய வேனில்தான் போவார், வருவார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எல்லோர் சாவுக்கும் பாடியவர் அன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை. குன்றத்தூரிலிருந்து வேறு ஆட்கள் வந்து பாடிவிட்டுப் போனார்கள். அண்ணன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்.

மேடம் ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டார். "இனிமே உங்ககிட்ட கேக்க மாட்டேங்க" என்றார் அண்ணனிடம். கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பாட்டை அவர் விட்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மாரியாத்தாள் கோயிலில் கூழ் வார்த்தார்கள். வெயில் ஏறும்வரை எல்லாம் எடுத்தார்கள். பம்பை, உடுக்கை, வேப்பிலைக் கரகம், ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து சாமியாடிய ஒரு சூப்பர்வைசர். எல்லாம் முடிந்தது. கேமராமேன் லென்ஸுக்கு மூடி போட்டார். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினார்.

"கடைசி அரை நிமிஷம்" என்றார்.

இத்தனை வாரத்தில் ஊர் பழகியிருந்தது. பூசாரி நின்றார். கூழ்ச் சொம்போடு பெண்கள் நின்றார்கள். கரண்டியைப் பானைக்குள் விட்டவர் எடுக்காமல் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், கண் கலங்குவது தெரியக் கூடாதென்று. என்னைப் பார்த்து, சுற்றி நின்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து தேசிங்கு அண்ணன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஆட்களை இறக்கிவிட்டு வந்த வேன். மற்ற நாட்களில் பதிவு நடக்கும்போது அவர் டியூட்டியில் இருப்பார். இப்படி நாங்கள் நிற்பதை அவர் பார்த்ததே இல்லை. காக்கிச் சட்டையோடு இறங்கியவர், கோயில் வாசலில் ஊரே வாய் பேசாமல் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

அரை நிமிஷம் ஆகியிருக்கும். மேடம் "சரி" சொல்ல வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அதற்குள் மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

ஆறு மணி வண்டி வந்திச்சே, அஞ்சலே... அல்லாரும் எறங்கிட்டாங்க.
ஆறு மணி வண்டி வந்திச்சே, அஞ்சலே... அல்லாரும் எறங்கிட்டாங்க.
ஒஞ் சீட்டு காலியா கீது, நீ எந்த ஸ்டாப்புல எறங்கினே?

தாளம் கிடையாது. எங்கோ ஒரு டிரெய்லர் உறுமிக்கொண்டு போனது, அவ்வளவுதான். முதல் அடியை இரண்டு தடவை பாடுகிறார், மூன்றாவதில் கேள்வி கேட்கிறார், பிறகு பதில் வருகிறதா என்று கொஞ்சம் நிற்கிறார். பதில் இல்லை. மறுபடி எடுக்கிறார். கேன்டீன் கேட்டாண்ட ஹாரன் அடிச்சேனே என்கிறார். டிபன் பாக்ஸு ஆடுற சத்தம் கேக்கலியே என்கிறார். கேமராமேன் லென்ஸ் மூடியை எடுக்கக் குனிந்தார். மேடம் தூக்கிய கையை அப்படியே அவர் பக்கம் திருப்பினார். அவர் குனிந்த வாக்கில் நின்றுவிட்டார். படம் இல்லை. குரல் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

முடிந்த பிறகும் மேடம் கையைக் கீழே போடவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சொம்பைப் பிடித்திருந்த ஒரு பெண் விசும்பியதும்தான் இறக்கினார். அன்றைக்கு "சரி" என்று சொல்லவும் இல்லை.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாரு செத்தது? பேரு தெரியாம அவ பேருதான் வாயில வந்திச்சி, யாருன்னு சொல்லுங்க மொதல்ல."

நான்தான் சொன்னேன். "யாரும் சாவலண்ணே."

"யாரும் சாவலியா? பின்ன இன்னாத்துக்குடா ஊரே ஊமையா நின்னுங்கினு கீது?"

மேடம் அவர் முன்னால் வெறுங்காலோடு போய் நின்று, எதற்காக நின்றோம் என்று விளக்கினார். கருவி ஓடிக்கொண்டிருந்ததையும் சொன்னார். "உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறேன்" என்றார். கருவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோண்டுலயா கீறா?" என்றார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "வெச்சிக்கம்மா. அவ மூஞ்சியக் காட்டாத. அவளுக்கு போட்டோன்னாலே ஆவாது."

கூழ் குடித்துவிட்டு வண்டியில் சாமான் ஏற்றினார்கள். நான் ஒரு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு, அதைத் தூக்கவேண்டிய அவசியமே இல்லாமல், அவர் பின்னாலேயே நடந்தேன். இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த ஆடிக்கு வருவீங்களா மேடம்?"

"எதுக்கு மணி? பாட்டுதான் கெடச்சிடுச்சே."

மனசு நிறைந்துபோய்ச் சொன்னார். என்னைக் காயப்படுத்துகிற எண்ணமே அதில் இல்லை. அதனால்தான் அது இன்னும் ஆறவில்லை. உலகத்தில் எந்தச் சத்தத்தையும் விடாமல் கேட்கிறவர், பக்கத்தில் நின்றவனுக்குள் என்ன உடைந்தது என்பதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் என்ன செய்திருப்பார்? கையைத் தூக்கி, அரை நிமிஷம் அதையும் எடுத்துக்கொண்டிருப்பார்.

கடைசி வாரம் ஒரு சாயங்காலம் ஒளிபரப்பானது. வெளிநாட்டுத் திருவிழா வந்தது, அந்த ரயில் பெரியவர் வந்தார், எங்கள் கூழ் வந்தது. பிறகு திரை இருட்டாகிவிட்டது. அம்மா எழுந்துபோய் டிவி மண்டையில் ஒன்று போட்டார். "மைக் செட்டு வெச்சிக்கினு கீற, வூட்டு டிவியப் பாக்க மாட்டியா? படம் பூட்ச்சி பாரு." தெருவில் பல வீடுகளில் அதே அடி விழுந்தது. கேபிள்காரர் வீட்டுக்கு ஒரு கும்பல் கிளம்பியது. அதற்குள் இருட்டிலிருந்து குரல் வந்தது. ஆறு மணி வண்டி வந்திச்சே, அஞ்சலே. கிளம்பிய கும்பல் தெருவிலேயே நின்றது. பாட்டு முடியும்வரை திரையில் ஒன்றுமே வரவில்லை. பாட்டு முடிந்து ஈ பறக்கிற சத்தம், டிரெய்லர் போகிற சத்தம், அதன் பிறகும் கொஞ்ச நேரம் இருட்டு.

ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. தேசிங்கு அண்ணன். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"சொன்ன மாதிரியே மூஞ்சியக் காட்டல, பாத்தியா" என்றார். போய்விட்டார்.

படமே இல்லாமல் டிவி எதற்கு என்று சேனலில் பெரிய ரகளையாம். தொடரின் இரண்டாம் பாகத்தை நிறுத்திவிட்டார்கள். மேடம் வேறு வேலைக்குப் போய்விட்டார், வடக்கே மலைப் பக்கம் எங்கேயோ என்று கேமராமேன் சொன்னார். பொங்கலுக்கும் புது வருஷத்துக்கும் நான் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவேன். பூப் படம், விளக்குப் படம், ஒருமுறை தவறுதலாக ஒரு ஜெனரேட்டர் படம். ஒன்றுக்கும் பதில் வராது. சத்தம் இல்லாத எதையும் அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார் என்பது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது.

ஆடி வந்து வந்து போகிறது. ஸ்பீக்கர் கட்டுகிறேன். ஊரை அலற விடுகிறேன். கல்யாண மண்டபத்தில் எல்லாம் கட்டி முடித்து, சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறேன். எலெக்ட்ரீஷியன் எனக்கு ஷாக் அடித்துவிட்டதோ என்று ஒருமுறை கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு அந்த நேரத்தில் ஈரமான மண்ணில் ஒரு ஜோடி வெறுங்கால் மட்டும் தெரியும்.

அவர் எதற்கு வருவார் என்று எனக்குத் தெரியும். பாட்டுக்குத்தான் வருவார். போனதைப் பற்றிப் பாடுகிற பாட்டுக்கு. அப்படிப் பார்த்தால் என்னிடமும் ஒன்று இருக்க வேண்டுமே என்று போன வாரம் திடீரென்று தோன்றியது. கடை ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பாடினால் எங்கள் அம்மாவே ரேடியோவைச் சத்தமாக வைப்பார். இருந்தும் கட்டினேன். நாலே அடி. ஞாயித்துக்கெழம சட்டை மடிப்பு கலையலியே என்று ஆரம்பம். ஜோக்காகத்தான் எடுத்தேன். மூன்றாவது அடியில் பாட்டை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினேன். அதையும் சேர்த்து போனில் பதிவு செய்து, யோசித்தால் அனுப்ப மாட்டேன் என்று யோசிக்காமல் அவருக்கு அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதும் அழிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது. கேட்டுவிட்டார். ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே வந்து நின்றேன், திரும்ப உள்ளே போனேன், ஒரு ஒயரை எடுத்துச் சுற்றினேன், சுற்றியதைப் பிரித்தேன். அன்று முழுக்க ஒன்றுமில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் சிணுங்கியது. சோற்றுக் கையோடு, இடது கைப் பெருவிரலால் தடவித் தடவித் திறந்தேன்.

"பின்னாடி ஃபேன் ஓடுது, நிறுத்திட்டுத் திரும்பப் பாடுங்க."